வெட்டுப் புத்தகத்தில் இல்லாத கட்டம்

ஒரே நாளில் பாடகர் ஆகலாம் என்று ஒரு வகுப்பு நடத்துகிறான் அனந்து. காலை பத்து மணிக்குக் கைப்பேசியோடு வந்தால் மாலை ஐந்து மணிக்குப் பாட்டோடு போகலாம். நடுவில் மத்தியான ஊணும் உண்டு. ஒருகாலத்தில் என்னிடம் வேலை பழகியவன், நல்ல பிள்ளை. வகுப்பில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னான். "இன்ஸ்பயரிங்கா இருக்கட்டும் சேச்சி. பின்னே, நீளம் வேண்டாம். யாரும் வாயிக்க மாட்டாங்க" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனான். யாரும் படிக்க மாட்டார்களாம்.

நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவர்களை நறுக்கினவள் நான். என்னை யாராவது நறுக்கட்டுமே, அது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்.

என் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்கு ஒலிப்பதிவு என்று சொல்வேன். அவர்கள் உடனே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு பாடகி கண்மூடி நிற்பதாகவும், இந்தப்பக்கம் நான் உருகி நிற்பதாகவும் கற்பனை செய்துகொள்வார்கள். உண்மையில் அது மீன் வேலை. தொண்டையிலிருந்து வந்ததைப் பிடி, கழுவு, செதிலைச் சுரண்டு, தலையை வெட்டு, டப்பாவில் அடை. கரமனை அக்ரஹாரத்துப் பெண் சொல்லக்கூடாத உவமைதான். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவளுக்கு இந்தச் சலுகையாவது வேண்டாமா?

படித்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், பிறகு இரண்டு வருஷம் வயர் சுருட்டினேன். அவ்வளவுதான். அந்த இரண்டு வருஷமும் என்னை யாரும் எதையும் கேட்கச் சொல்லவில்லை, சுருட்டத்தான் சொன்னார்கள்.

எங்கள் ஸ்டுடியோ பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடம் கட்ட இந்த ஊரில் இதைவிட மோசமான இடத்தை ஒருவன் தேடிப்பிடிக்க முடியாது. வேண்டுதல் உள்ளவர்கள் எல்லாரும் அங்கேதான் தேங்காய் எறிவார்கள். பரீட்சைக் காலத்தில் பாட்டுக்கு நடுவே படார் படார் என்று விழும். சுவருக்குள் பஞ்சு, பஞ்சுக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் பலகை என்று அடுக்கியும் ஒரு தாலாட்டுக்குள் மூன்று தேங்காய் புகுந்துவிட்டது. அந்தத் தாலாட்டு அப்படியே வெளியானது. மிருதங்கம் அருமை என்று ஒருவர் கடிதம் எழுதினார்.

எங்கள் சீஃப் குறுப்பு சார். அரைக்கைச் சட்டை, காதில் பென்சில், முகத்தில் எப்போதும் வெயிலில் நிற்கிறவனுடைய சுருக்கம். கூடத்துக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றித் துணியில் சுற்றி ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுவார். அதன் டிக் டிக் மைக்கில் விழுமாம். வருகிறவர்களிடம் ஒரு தட்டு நீட்டுவார். வளையல், கொலுசு, சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் அதில் போட வேண்டும். என் மூக்குத்தியை ஒருநாள் அரை நிமிஷம் உற்றுப் பார்த்தார். அதிலிருந்து சத்தம் வராது என்று முடிவு செய்ய அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. பாட்டு தொடங்கும் முன் எல்லாரும் அசையாமல் நிற்க, காலி அறையின் மௌனத்தை ஒரு முழு நிமிஷம் பதிவு செய்வார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் சகலருக்கும் தும்மல் வரும்.

பாடுகிறவர்களை அவர் பார்க்கவே மாட்டார். முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் பொத்தானை அழுத்தி மலையாளத்தில் ஒரே ஒரு சொல்: "ஒந்நூடி." இன்னொரு தடவை. நன்றாக இருந்தாலும் ஒந்நூடி, மோசமாக இருந்தாலும் ஒந்நூடி. பெரிய பெரிய பாகவதர்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு வேர்த்து விறுவிறுத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு இசையில் பெரிய ஞானம் இருந்தது என்று பிற்பாடு எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு இருந்தது பயம். முதல் தடவை சரியாகிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்ற பயம்.

அந்தப் பயத்தின் பிள்ளைதான் வெட்டுப் புத்தகம்.

நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. ஒரு பாடகியின் குரலை நீக்கிவிட்டு இன்னொருவர் குரலைப் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாது. வீட்டில் உறவுக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து கேசட்டைப் போட்டிருக்கிறாள், யாரோ பாடியிருக்கிறார்கள். மறுநாள் அந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஸ்டுடியோ படியேறிவிட்டார்கள். குறுப்பு சார் அன்றே சாலை என்கிற கடைத்தெருவுக்குப் போய், மொத்த வியாபாரிகள் வைத்திருக்கும் சிவப்பு அட்டை போட்ட தடிப்புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். பென்சிலால் கோடு போட்டார். தேதி, பாட்டு, யாருடைய பகுதி, எங்கிருந்து எதுவரை, காரணம், வெட்டுகிறவர் கையெழுத்து, வெட்டப்படுகிறவர் கையெழுத்து. ஒருவரின் குரலை முழுசாக எடுப்பதானால் அவருக்கே அதைப் போட்டுக் காட்டி, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் பிளேடைத் தொடலாம். நான் ஒலிநாடாவை வெட்டத் தயாராக நிற்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடியே கேட்பார்: "ஒப்பெவிடே?" கையெழுத்து எங்கே?

அந்தக் கையெழுத்தை வாங்கிவருவது என் வேலை. பொம்பளை போய்க் கேட்டால் சண்டை போட மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. ஒருவனிடம் போய், நீ பாடினது வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அதற்கு உன் ஒப்புதல் வேண்டும் என்று கேட்கிற உத்தியோகம். தூக்கு மேடையில் கயிறு சரியாக இருக்கிறதா என்று ஆளிடமே கேட்பதுபோல. எல்லாரும் போட்டார்கள். சிரித்துக்கொண்டு போட்டவர்கள் உண்டு, பேனா தானே கொண்டுவந்தவர்கள் உண்டு.

முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் மூட்டை இறக்குகிறவன். சங்கரன்கோவில் பக்கம். மூட்டை முதுகில் ஏறும்போது ஒரு இழுப்பு இழுப்பான், பாட்டும் இல்லை, முனகலும் இல்லை, ஆனால் தெருவே ஒரு நொடி நிற்கும். விளம்பரப் படம் எடுக்க வந்த ஒரு டைரக்டர் அதைக் கேட்டு, இதுதான் மண்ணின் குரல் என்று புல்லரித்து, அவனை எங்கள் கூடத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். அரிசி விளம்பரத்துக்கு இரண்டு வரி. முருகேசன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றான். பாடினான். குறுப்பு சார் பொத்தானை அழுத்தினார். காத்திருந்தோம். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் பார்த்து, ஒந்நூடி கேட்காமல் வெளியே போன ஒரே ஆள் முருகேசன்தான்.

அடுத்த வாரம் டைரக்டருக்குப் புல்லரிப்பு இறங்கிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் குரல் ரொம்ப நிஜமாக இருக்கிறதாம். முறையாகப் படித்த ஒரு பாடகரை வரவழைத்து, முருகேசன் மாதிரியே, ஆனால் கொஞ்சம் குளித்துவிட்டு வந்த முருகேசன் மாதிரிப் பாடவைத்தார்கள். புத்தகத்தில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: பொருந்தவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, அவன் குரலைக் கேசட்டில் போட்டுக்கொண்டு சாலைக்குப் போனேன்.

மண்டி வாசலில் வைத்துப் போட்டுக் காட்டினேன். விதி அது. அவன் குரலை அவனுக்கே போட்டுக் காட்ட வேண்டும். நாலு பேர் கூடினார்கள். முருகேசன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னால் இப்போதும் நேரே பார்க்க முடியவில்லை. புத்தகத்தை நீட்டினேன்.

"பாட்டு ஓகே ஆயிருச்சாக்கா?" என்று கேட்டான்.

நான் "ம்" என்றேன்.

ஓர் எழுத்து. வேண்டாம் என்று சொல்ல நாலு எழுத்து வேண்டும். அவன் புத்தகத்தை அரிசி மூட்டையின் மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகத் தூக்கி வைப்பதுபோல முருகேசன் என்று எழுதினான். கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்தின் காலி ஓரம்வரை போனது. குறுப்பு சார் பார்த்துவிட்டு ஒரு டிக் போட்டார். "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறதாம்.

விளம்பரம் டிவியில் வந்தது. சில மாதம் கழித்துச் சாலையில் என்னைப் பார்த்து மூட்டையோடு ஓடிவந்தான் முருகேசன். "அக்கா, கேட்டேன். எப்படி மெருகேத்தியிருக்கீக. எனக்கே என் கொரலு அடையாளம் தெரியலக்கா."

அன்றைக்கும் "ம்" என்றுதான் சொன்னேன். அதற்கப்புறம் பருப்பு வாங்க வேறு தெருவுக்குப் போக ஆரம்பித்தேன்.

பிறகு பிளேடு போய் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் சுருங்கிச் சட்டைப்பைக்குள் போனது. குறுப்பு சார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனார், கடிகாரத்தையும் பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு. எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு ஸ்டுடியோவை மூடினார்கள். எங்கள் கூடம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை இருக்கிறது. பாகவதர்கள் வேர்த்து நின்ற இடத்தில் ஒரு பையன் குமிழி வராமல் கண்ணாடி ஒட்டுகிறான். எங்களைவிடச் சுத்தமான வேலை. சாமான்களை அள்ளிப்போட்ட அன்று நான் வெட்டுப் புத்தகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாதிப் பக்கம் காலி. மளிகை எழுத உதவும் என்று நினைத்தேன்.

இனி உங்கள் செயலிகளுக்கு வருகிறேன், அனந்துவின் மாணவர்களே.

அற்புதமான பொருள். மறுக்கவில்லை. நாங்கள் பஞ்சு அடைத்த ஓர் அறையும் ஆறு பேரும் ஒரு மூக்குத்திப் பரிசோதனையும் வைத்துச் செய்ததை, நீங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றே செய்கிறீர்கள். ஒரு பொத்தான் தொட்டால் தம்பூரா. ஒன்று தொட்டால் தபலா, சலிக்காமல், டீ கேட்காமல். குரலை எங்கே வைக்கலாம் என்று பட்டியலே இருக்கிறது: அரங்கம், தேவாலயம், குளியலறை. எங்கள் தெருவில் ஒருவர் ராமநாமத்தைத் தேவாலயத்தில் வைத்து அனுப்பியிருந்தார். கணீரென்று இருந்தது. தப்பாக விழுந்த சுரத்தைத் தானே தூக்கி நிறுத்துகிற வசதியும் உண்டு. அதற்கு நம்முடைய கமகம் ஒரு வியாதி. தோடியில் காந்தாரம் அசைந்தால் அதற்கு ஜுரம் என்று நினைத்துப் பிடித்து நேராகப் படுக்கவைத்துவிடும். இஸ்திரி போட்ட தோடி கேட்டிருக்கிறீர்களா? படிக்கட்டில் குடம் உருள்கிற மாதிரி இருக்கும். கீழே விழுகிற ஒவ்வொரு படியும் மிகத் துல்லியமான படி.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது சுருதி பார்க்கிற அந்த முள். நீங்கள் பாட, அது ஆடும். சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்த கதைதான் நான் சொல்ல உட்கார்ந்தது.

எங்கள் தெருவில் ஒரு பஜனை கோஷ்டி. ஆறு பேர், என்னைச் சேர்த்தால் ஏழு. நான் பாடுவதில்லை, வாயசைப்பேன். மார்கழியில் விடிகாலை வீதியைச் சுற்றி வருவோம். முன்பாட்டு சுப்பராமன் மாமா. எழுபத்தெட்டு வயது. அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாக அவர்தான் முன்னால் நடக்கிறார். மழையில்கூட ஒரு நாள் விட்டதில்லை.

செயலாளர் கணேசன் அண்ணா, பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மேனேஜருக்கு நிர்வகிக்க எதுவும் இல்லாவிட்டால் பகவானை நிர்வகிக்க ஆரம்பித்துவிடுவார். போன கார்த்திகையில் அவர் அறிவித்தார்: இந்த மார்கழிக்கு வண்டியில் ஸ்பீக்கர் வைத்து, முன்கூட்டியே பதிவு செய்த பாட்டு. நாம் பின்னால் நடந்தால் போதும். குளிரில் யார் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பலாம். எல்லார் கைப்பேசியிலும் ஒரே செயலியை ஏற்றினார். ஒவ்வொருவரும் அவரவர் ஆத்தில் பாட, அது ஒன்றின் கீழ் ஒன்றாக வரிவரியாக வந்து உட்காரும். கோர்க்கிற வேலை எனக்கு. "நீ ப்ரொஃபஷனல் இல்லையோ?" என்றார்.

முதலில் மாமா பாடினார். சொம்பில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, நின்றுகொண்டே. பாடி முடித்து யாரையோ "ஆச்சா?" என்று கேட்பதும் அதில் பதிவாகியிருந்தது. அதை எல்லாருக்கும் அனுப்பினோம். அவர்கள் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே பின்பாட்டைப் பாடி அனுப்பினார்கள். ஒருவர் வரியில் குக்கர் மூன்று விசில். இன்னொருவர் வரியில் கரமனைப் பாலத்து பஸ் ஹாரன் சரியாகத் தாளத்தில்.

கணேசன் அண்ணா மாமாவின் வரிமேல் அந்த முள்ளை ஓட்டிப் பார்த்துவிட்டார். சிவப்பு. முதல் சரணத்தில் லேசாக, மூன்றாவதில் நன்றாக. கடைசியில் அரைச் சுருதி கீழே. முள் பொய் சொல்லவில்லை. மாமாவின் குரல் இறங்கத்தான் செய்கிறது. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் முள் வரும்வரை எங்கள் தெருவில் ஒருவருக்கும் சுருதி விலகினதே இல்லை.

கணேசன் அண்ணா என் ஆத்துக்கு வந்து சொன்னார். முன்பாட்டை அவரே பாடித் தருகிறாராம். மாமாவின் வரியை நான் அணைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, 'எம்' என்ற எழுத்து போட்டது. முள்ளின் நிறம் வேறு, ஒலிக்கிற வரி எப்போதும் பச்சை, இதைத் தொட்டால் சாம்பல் நிறமாகிவிடும். குரல் இருக்கும், கேட்காது.

"மாமா கேட்டா கண்டுபிடிச்சுடுவாரே அண்ணா" என்றேன்.

"அதுக்கும் வழி இருக்கு. வயசான குரல்னு ஒரு எஃபெக்ட் இருக்காக்கும். என் குரல்ல அதைப் போட்டுடு. அவருக்குக் காதும் அத்தனை பத்தாது. மெருகேத்தியிருக்குன்னு நெனைச்சுப்பார். மனசும் நோகாது."

அவர் மிக நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டம். வீதியில் மாமா முன்னால் நடந்து வாயசைப்பார். ஸ்பீக்கரில் கணேசன் அண்ணா, மாமா வேஷம் கட்டிக்கொண்டு பாடுவார். மாமா அதைத் தன் குரல் என்றே நம்புவார். இது நடக்குமா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. நடக்கும். அச்சு அசலாக நடந்து நான் பார்த்திருக்கிறேன், சாலைக் கடைத்தெருவில்.

தொட்டேன். அவ்வளவு லேசான தொடுகை. பிளேடாக இருந்தால் எடுத்துவர வேண்டும், நாடாவைச் சாய்த்து வைக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் ஒப்பெவிடே என்று கேட்கும். இங்கே விரல் நுனி மட்டும்தான். நெற்றியில் விபூதி வைக்கக்கூட இதைவிட அழுத்த வேண்டும்.

கணேசன் அண்ணாவின் முன்பாட்டைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் பின்பாட்டுப் பாடின ஐந்து பேரும், அவர் உள்பட, அபசுரம். எல்லாரும் கீழே கிடந்தார்கள். ஏன் என்று யோசிக்காமல் ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினேன். தொழில் பழக்கம், அழுக்கைக் கண்டால் கழுவு. எல்லார் முள்ளும் பச்சையானது. பார்க்க நெல்வயல் மாதிரி இருந்தது. கேட்க, ஒரே ஆள் ஐந்து முகமூடி போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கோஷ்டியின் குரூப்பில் அனுப்பினேன்.

அனுப்புவதற்கு இரண்டு பொத்தான் உண்டு. ஒன்று, முடிந்த பாட்டை அனுப்பும். மற்றது, வரிவரியாக இருக்கும் மொத்த வேலையையும், பெயரோடு, நிறத்தோடு, எல்லாருக்கும் திறந்துவிடும். நான் இரண்டாவதைத் தொட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷ அனுபவம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மாமா வந்தார். வேஷ்டி, மேலே துண்டு, கையில் கைப்பேசி. காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.

"மத்தவா வரியெல்லாம் பச்சையா இருக்கு கோமதி. என்னோடது மட்டும் சாம்பலா இருக்கே. அது என்னவாக்கும்?"

"ஃபோன் பழசு மாமா. அப்படித்தான் காட்டும்" என்றேன்.

"ஓ. ஃபோனாக்கும்."

மிச்சக் காப்பியையும் நிதானமாகக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைக்கப் போனவரைத் தடுத்தேன். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பக்கத்துல எம்முன்னு ஒரு எழுத்து இருந்துது பாரு, அதைத் தொட்டேன். பச்சையாயிடுத்து. ஃபோன் சரியாயிடுத்து போல இருக்கு."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

உள்ளே ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். அவர் அங்கே தொட்டது என் கைப்பேசியிலும் பச்சை. இரண்டு முன்பாட்டும் ஒன்றோடொன்று மோதிச் சந்தைக் கடையாக இருந்தது. கணேசன் அண்ணாவின் முன்பாட்டை அணைத்தேன். நான் தூக்கி நிறுத்தின ஐந்து பேரையும் மறுபடி கீழே இறக்கி, அவரவர் ஆத்தில் பாடினபடியே விட்டேன். போட்டேன்.

ஒரு பிசிறு இல்லை. மாமா இறங்கின இடத்தில் எல்லாரும் இறங்கியிருந்தார்கள். அவர் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு பாடினவர்கள் வேறு எங்கே போவார்கள்? மூன்றாவது சரணத்தில் அரைச் சுருதி கீழே, குக்கரும் பஸ்ஸும் உள்பட, ஆறு பேரும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வருஷம் ஒருவர் பின்னால் ஒருவர் நடந்தவர்களின் சுருதி அது. எந்தச் செயலியிலும் அதற்கு நிறம் கிடையாது. இதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மாமாவோடு மற்றவர்களைச் சேர்த்து ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்காமல் அணைத்திருக்கிறேன்.

அதற்குள் குரூப்பில் கணேசன் அண்ணா: யார் மாமா வரியைத் திறந்தது? உடனே அணைக்கவும், மெஜாரிட்டி தீர்மானம். கீழே கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. மாமாவும் அந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பது ஒரு கட்டைவிரலுக்கும் நினைவில்லை.

அலமாரியிலிருந்து வெட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இவ்வளவு நாள் நான் வெறுத்த புத்தகம். அணைப்பதோ விடுவதோ, இனி கையெழுத்து இல்லாமல் இல்லை. தேதி போட்டேன். பாட்டு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், சுருதி இறக்கம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமா ஆத்துக்கு நடந்தேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மூச்சில் சொன்னேன். ஃபோன் பழசு இல்லை மாமா, நான்தான் அணைச்சேன், நான்தான் பொய் சொன்னேன். இரண்டையும் போட்டுக் காட்டினேன், கணேசன் அண்ணா முன்பாட்டு ஒன்று, அவருடையது ஒன்று. கண்ணை மூடிக் கேட்டார். தன் குரல் மூன்றாவது சரணத்துக்கு வந்ததும் தலையை ஆட்டி, "எறங்கறது. வாஸ்தவம்தான்" என்றார். அவருடைய காதுக்கு ஒரு குறையும் இல்லை.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முன் பக்கங்களைப் புரட்டினார். கையெழுத்துகள், டிக்குகள், பொருந்தவில்லை, பொருந்தவில்லை, தொண்டைக் கம்மல், பொருந்தவில்லை. கட்டத்துக்குள் அடங்காத ஒரு பெயரில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இத்தனை பேரும் சம்மதிச்சாளா?"

"கையெழுத்துப் போட்டா மாமா."

"நான் கேட்டது அது இல்லை."

எனக்கு அந்த "ம்"கூட வரவில்லை.

தன் பெயர் எழுதியிருந்த வரிக்கு வந்தார். ஒவ்வொரு கட்டமாக, பாங்க் ஃபாரத்தைப் படிப்பதுபோலப் படித்தார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சம்மதம் இல்லேன்னா எங்கே எழுதணும்?"

பக்கத்தைப் பார்த்தேன். தேதி, பாட்டு, யார், எங்கிருந்து எங்கே, காரணம், வெட்டுகிறவர், வெட்டப்படுகிறவர். அதற்கு இடம் இல்லை. குறுப்பு சார் கோடு போடும்போது அது அவருக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு வருஷம் அந்தப் புத்தகத்தைச் சுமந்த எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் கேட்டது கையெழுத்தை மட்டும்தான். ஒப்பெவிடே.

பஞ்சாங்கத்தின் ஓரத்தை அளவுகோலாக வைத்து, கையெழுத்துக் கட்டத்தை அடுத்த காலி இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கோடு கோணலாகத்தான் வந்தது. மாமா அந்தப் புதுக் கட்டத்துக்குள், "இல்லை. சுருதி எறங்கறது. இருந்தாலும் நான்தான் பாடுவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பிறகு உள்ளே பார்த்து எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து குரூப்பில் போட்டேன். இந்தத் தடவை சரியான பொத்தான். அதற்கு ஒரு கட்டைவிரலும் எழும்பவில்லை. பிறகு கணேசன் அண்ணா, தான் சொன்னது டெக்னிக்கல் அபிப்பிராயம் மட்டுமே என்று எழுதினார். பாங்கில் இருந்தவர்களுக்குக் கையெழுத்தைக் கண்டால் ஒரு மரியாதை உண்டு.

மார்கழியில் வண்டி வரவில்லை. மாமா வேண்டாம் என்றுவிட்டார், ஸ்பீக்கரும் தானும் ஒரே சமயம் பாடினால் எதைத் திருப்பிச் சொல்வது என்று ஜனங்களுக்குக் குழப்பம் என்றார். பதிவு செய்த பாட்டு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போனது, குக்கரோடு. முதல் நாள் கணேசன் அண்ணா நடந்துகொண்டே சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும்படி முள்ளை வைத்திருந்தார். வீதி முழுக்கச் சிவப்பு. அவர் பாடும்போதும் சிவப்பு. பாலத்துப் பக்கம் திரும்பும்போது கைப்பேசியைக் கவிழ்த்து உள்ளே தள்ளியதைப் பார்த்தேன். நானும் அன்று வாயசைக்காமல் பாடினேன். எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அனந்து, உன் வகுப்புக்கு வருகிறவர்களிடம் அந்த எம் பொத்தானைக் கடைசியில் சொல்லிக்கொடு. ஊணுக்கு அப்புறம்.

புத்தகம் மேஜைமேல் இருக்கிறது. போன வாரம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அந்தப் புதுக் கட்டத்துக்கான கோட்டைப் பின்னோக்கி ஒவ்வொரு பக்கத்திலும் போட்டுக்கொண்டே போனேன், முதல் பக்கம்வரை. எல்லாப் பெயருக்கு நேரேயும் இப்போது ஒரு காலி இடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் கோடு போட முடியவில்லை. முருகேசனின் பெயர் நீண்டு, அந்த இடத்தில் ஏற்கனவே எழுதியிருந்தது.